இருட்டுவதற்குள் வீடு: ஓர் அல்வாக் கடையும் சில பெண்களும்

1

என் அம்மா இருட்டுக்கடை அல்வாவை நாற்பது வருஷத்துக்கு மேல் தின்றிருக்கிறாள். இருட்டுக்கடையைக் கண்ணால் பார்த்தது தன் அறுபத்தெட்டாவது வயதில். அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து.

சுரண்டையிலிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அப்பா எங்கள் ஊர்க் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதியவர். மாதம் ஒருமுறையாவது வேலையாகத் திருநெல்வேலி போவார். திரும்பி வரும்போது மஞ்சள் பையில் அல்வாப் பொட்டலம் இருக்கும். எண்ணெய் ஊறிய அந்தத் தாளை அம்மா பிரித்து, எங்கள் எல்லோருக்கும் விண்டு கொடுத்துவிட்டு, தாளில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொள்வாள். அந்தக் கடை எந்தத் தெருவில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அதில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்திருப்பாள்.

புகழ்பெற்ற சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதப்படுகிறது. அதைவிட நிறையக் காணொளியாக எடுக்கப்படுகிறது. அவற்றை நானும் ஆசையோடு பார்க்கிறவள்தான். இந்தக் கட்டுரை அல்வாவுக்கு எதிரானது அல்ல. ஒரு கடை எப்படிக் கதையாகிறது, அந்தக் கதையில் யார் நடக்கிறார்கள், யார் வீட்டில் இருந்தபடியே தின்கிறார்கள் என்று பார்க்கிற முயற்சி.

2

கடையை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கிறது. ஊருக்கே பேர் வாங்கித் தந்த கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முன்பு சிமினி விளக்கு, பிறகு ஒரே ஒரு குண்டு பல்பு என்று மங்கிய வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால், ஜனங்கள் இருட்டுக்கடை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் திறக்கும். போட்ட சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். சில மணி நேரம்தான். வடக்கிலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தாரின் கடை. கிருஷ்ண சிங், பிஜிலி சிங், ஹரி சிங் என்று கடையோடு சேர்ந்து ஊர்வாயில் நிற்கும் பெயர்கள் ஆண் பெயர்கள்.

திருநெல்வேலிக்கு அல்வா வந்த கதையிலும் எங்கள் வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. கடையநல்லூர்ப் பக்கம் இருக்கும் சொக்கம்பட்டியின் ஜமீன்தார் காசிக்குப் போனாராம். அங்கே இந்த இனிப்பைத் தின்று மயங்கி, கிண்டத் தெரிந்தவரைக் கையோடு அழைத்து வந்தாராம். உண்மையோ பொய்யோ, வாய்வழியாக வந்த கதை. அதன் அமைப்பைப் பாருங்கள். ஓர் ஆண் பயணம் போகிறார், ருசிக்கிறார், இன்னோர் ஆணை அழைத்து வருகிறார். ஜமீன் அரண்மனையின் அடுப்படியில் அதுவரை இனிப்புச் செய்துகொண்டிருந்த பெண்கள் இந்தக் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்பது கேட்கப்படாத கேள்வி. உணவின் வரலாறு பயணத்தின் வரலாறாகச் சொல்லப்படும்போது, பயணம் மறுக்கப்பட்டவர்கள் வரலாற்றிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

இதே மாதிரிதான் எங்கள் பக்கத்து இன்னொரு புகழும். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயரைப் பரோட்டாக் கடைகள் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்விட்டன. குற்றாலச் சீசனில் குளித்துவிட்டு பார்டரில் பரோட்டாவும் கோழியும் தின்பது ஆண்களின் ஒரு சடங்கு. அழிந்துபோன எல்லைக்கோடு ஒன்று சோற்றுக் கடையின் பெயரில் உயிரோடு இருப்பதைப்போல, யாரும் எழுதி வைக்காத வேறு எல்லைக்கோடுகளும் கடைகளில் உயிரோடு இருக்கின்றன.

தென்காசிப் பக்கம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், நானும் இரண்டு தோழிகளும் முன்பக்க மேசையில் உட்கார்ந்தோம். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். சப்ளையர் வந்து, "உள்ள ஃபேமிலி ரூம் இருக்குக்கா" என்றார். நாங்கள் ஃபேமிலி இல்லை, மூன்று பேர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கூடவந்த ஆணில்லாத மூன்று பெண்களுக்குத் தமிழ் உணவகத்தில் வேறு பெயர் கிடையாது என்பதைத்தான் அவர் சொன்னார்.

3

சில வருஷங்களுக்கு முன் முதலாமாண்டு மாணவிகளிடம், 'எங்கள் வட்டாரத்தின் புகழ்பெற்ற தின்பண்டம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பெரும்பாலும் அல்வா, பரோட்டா. சிலர் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. கட்டுரைகள் நன்றாகவே இருந்தன. திருத்த உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 'அண்ணன் வாங்கி வந்தான்.' 'அப்பா வேலைக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வருவார்.' 'மாமா கொண்டு வந்து கொடுத்தார்.' எழுவாய் எல்லாம் ஆண். பயனிலை எல்லாம் வருகிற வினை. எழுதியவள் அடுத்த வாக்கியத்தில்தான் வருகிறாள்: 'நாங்கள் சாப்பிட்டோம்.' தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவள் என்கிற முறையில் அந்த வாக்கிய அமைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. கடைக்குப் 'போனேன்' என்று தன்மை ஒருமையில் எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களும் கூட யாரோடு போனார்கள் என்று அதே வரியிலேயே சொல்லிவிட்டார்கள், யாரும் கேட்பதற்கு முன்பே.

ஆண் வாங்கி வருவதும் பெண் பெற்றுக்கொள்வதுமான இந்தக் காட்சி நம் சினிமாவில் ஒரு சின்னமாகவே இறுகிவிட்டது. ஒரு கையில் மல்லிகைப்பூ, மறு கையில் அல்வாப் பொட்டலம். கதவு திறக்கிறது, மனைவி வெட்கப்படுகிறாள், அரங்கம் சிரிக்கிறது. வசனமே தேவையில்லை. பூவும் இனிப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு இரவு என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பொட்டலம் ஒரு பரிசுபோல வருகிறது. அதற்குள் ஒரு விலைச்சீட்டும் இருக்கிறது. அவளுக்கு அன்றைக்குத் தலைவலியா, அல்வா பிடிக்குமா, சர்க்கரை வியாதியா என்கிற கேள்விக்கு அந்தச் சின்னத்தில் இடமில்லை.

2003இல் ஹரி இயக்கி விக்ரம் நடித்த 'சாமி' திருநெல்வேலியில் நடக்கிற கதை. அதில் ஊரின் அல்வாவைச் சொல்லித் தொடங்கும் பாட்டு தமிழ்நாட்டின் எல்லா மூலைக்கும் போனது. அந்தப் பாட்டின் விளியைக் கவனியுங்கள்: அடிக்கு அடி 'டா'. ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டு பேசுகிற மொழி. உளுந்தளவு வாயில் வைத்தால் கரைந்து போகிற ஓர் இனிப்பு, வீராப்பின் அடையாளமாகிவிட்டது. ஊரின் பெருமை என்று வரும்போது, ஊரே ஆணாகிவிடுகிறது.

'அல்வா கொடுத்துவிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். இந்தச் சொல்வழக்கு எப்படிப் பிறந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. பெண் அனுபவத்திலிருந்து பார்த்தால் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மேல்படிப்புக்கு அனுப்புகிறேன் என்ற அப்பா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்ற மாப்பிள்ளை வீட்டார், இந்த வருஷம் நிச்சயமாகக் குற்றாலம் கூட்டிப்போகிறேன் என்ற கணவன். கையில் கொடுத்தது இனிப்பு. நழுவிப்போனது வேறு ஏதோ.

4

இது தொன்றுதொட்டு வருவது, நம் பண்பாடு என்று யாராவது சொல்லலாம். தொன்று என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நான் வகுப்பில் தமிழின் முதல் உணவு விமர்சனம் என்று சொல்வதுண்டு. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிரைப் பிசைகிறாள், பிசைந்த கையை உடுத்திய துணியில் துடைத்துக்கொள்கிறாள், தாளிப்பின் புகை மை தீட்டிய கண்ணில் படிகிறது. கணவன் உண்டு, இனிமையாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. செவிலித்தாய் இதைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்வதாகப் பாட்டு. நுட்பமான கவிதை, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கறை படிந்த துணியையும் புகை பட்ட கண்ணையும் விடாமல் பதிவு செய்த அந்தக் கவிஞரின் கண்ணுக்கு வணக்கம். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மாணவி கேட்பாள்: "அவ சாப்பிட்டாளா மேடம்?" பாட்டில் அதற்குப் பதில் இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள் என்பதற்குத் தாய்க்குக் கிடைக்கிற சான்று, மருமகன் ருசித்துச் சாப்பிட்டான் என்பதுதான்.

இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பண்பாட்டு வாதக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியையும் கூடவே படிக்க வேண்டும். அந்த மதுரையில் பகல் கடைத்தெரு இருக்கிறது. அல்லங்காடி என்ற பெயரில் இரவுக் கடைத்தெருவும் இருக்கிறது. அந்த நகரத்தில் வயது முதிர்ந்த பெண்கள் பலவகைப் பண்ணியங்களையும் மணக்கும் பூக்களையும் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்கிறார்கள். பண்ணியம் என்றால் தின்பண்டம். பூவும் தின்பண்டமும்! சினிமாவில் ஆண் கையில் பார்த்த அதே இரண்டு பொருள்கள், இங்கே பெண்கள் கையில். படுக்கையறைச் சைகையாக இல்லை. பிழைப்பாக, வியாபாரமாக, தெருவில் குரல் கொடுத்து நடக்கிற உரிமையாக.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. இனிப்பு விற்பது, ஊர் சுற்றுவது, விலை பேசுவது எல்லாம் இடையில் பெண்கள் கையிலிருந்து நழுவியவை. நழுவியதை மறைக்கத்தான் 'தொன்றுதொட்டு' என்ற சொல் பயன்படுகிறது.

5

எங்கள் வீட்டிலும் அல்வா கிண்டுவோம், தீபாவளிக்கு. அதாவது அம்மா கிண்டுவாள். சம்பாக் கோதுமையை ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுத்து, மறுபடி ஆட்டி மறுபடி பிழிந்து, இரவெல்லாம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டுவாள். சீனிப் பாகில் பாலை ஊற்றிய பிறகு கரண்டியை எடுக்கக்கூடாது. எடுத்தால் அடிபிடிக்கும், கட்டி தட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நெய்யை விட்டு, அது உள்ளே போய், பிறகு மெல்ல வெளியே கக்குகிற வரைக்கும் கிண்ட வேண்டும். தோள்பட்டை இற்றுவிடும். மற்ற நாளெல்லாம் அதே தோள் பீடித் தட்டின்மேல் குனிந்திருக்கும். ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல், சுரண்டை என்று எங்கள் பக்கத்து வீடுகளில் பெண்கள் இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டிய பீடிகளுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றது. அல்வாவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

அப்பா அம்மாவின் அல்வாவை வாயில் போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இருட்டுக்கடை மாதிரி வராது." அவர் கெட்டவர் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "அவன் கடை அல்வாவுக்கு நான் எங்க போக" என்பாள். நாற்பது தீபாவளி.

அந்தக் கடை அல்வா ஏன் அவ்வளவு ருசி என்று கேட்டால் ஊரே ஒரே குரலில் பதில் சொல்லும்: தாமிரபரணித் தண்ணி. அடுத்து, பரம்பரைக் கைப்பக்குவம். அடுத்து, தொழில் ரகசியம். இருக்கலாம். பெண் கிண்டும்போது இந்தச் சொற்கள் எதுவும் வருவதில்லை என்பதுதான் என் வருத்தம். ஆண் அடுப்பின் முன் நின்றால் 'மாஸ்டர்'. பெண் நின்றால் 'ஆயா'. ஆண் மறைத்து வைத்தால் ரகசியம். பெண் அளவு சொல்லத் தெரியாமல் 'கண் அளவுதான்' என்றால் அறியாமை. ஒரே வேலை கடைக்குப் போனால் கலை, வீட்டுக்கு வந்தால் கடமை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் அதே பெயரிலான தொகுப்பில் வந்தது. அஜ்மீரில் ஒரு பெரிய ராஜஸ்தானிக் குடும்பம். தெற்கிலிருந்து போன மருமகள். அந்தச் சமையலறையும் இருட்டானதுதான். மங்கலான வெளிச்சத்தில் முகம் தெரியாமல் பெண்கள் நடமாடுகிறார்கள். அந்த இருட்டுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அதைத் தேடி யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அடுப்புத்தான் ராஜ்யம். அந்த ராஜ்யம் பொய் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் கதை காட்டுகிறது. இந்தக் கதையைப் படித்த பிறகு மங்கிய பல்பின் கீழ் நடக்கும் எந்த வியாபாரத்தையும் வெறும் வேடிக்கையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

6

பெண்கள் சோறு விற்றுப் புகழ் பெறவே இல்லையா என்றால், பெற்றிருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றார். 2019இல் அவருடைய காணொளி இந்தியா முழுக்கப் பரவியது. ஆனந்த் மகேந்திரா பாராட்டி எழுதினார். 2022இல் அவருடைய நிறுவனம் பாட்டிக்கு வீடு கட்டிக்கொடுத்தது. வீட்டை ஒப்படைத்தது அன்னையர் தினத்தன்று.

அந்த உதவியை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டிக்கு வீடு வேண்டும், கிடைத்தது, நல்லது. புகழின் மொழியை மட்டும் பாருங்கள். அவருடைய இட்லி மெத்தென்று இருந்ததா, மாவை எந்தப் பதத்தில் புளிக்கவைத்தார், சட்னியில் என்ன சேர்த்தார் என்பது பேச்சாகவில்லை. லாபம் பார்க்காத தாயுள்ளம் பேச்சானது. அவர் பெயரே 'இட்லி அம்மா' என்றாகிவிட்டது. அல்வாக் கடைக்காரரை 'அல்வா அப்பா' என்று யாராவது சொல்வார்களா? ஆணின் கடைக்குப் புகழ் ருசியால் வருகிறது; பெண்ணின் கடைக்குப் புகழ் தியாகத்தால் வருகிறது. அவள் இட்லியைப் பத்து ரூபாய்க்கு விற்றுக் காசு சேர்த்திருந்தால் வியாபாரி ஆகியிருப்பாள். செய்தி ஆகியிருக்க மாட்டாள்.

மறுபக்கம், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்களின் வில்லேஜ் குக்கிங் சேனல். 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்கள். உழைப்பு உண்மையானது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. வானத்துக்குக் கீழே, பத்துக் கை சேர்ந்து, பாட்டும் கூச்சலுமாக நடக்கும்போது சமையல் எவ்வளவு கொண்டாட்டமான வேலை என்று தெரிகிறது. வீட்டின் மூலையில், ஒற்றை ஆளாக, தினமும் மூன்று வேளை என்று ஆக்கும்போதுதான் அது கொண்டாட்டம் இல்லாமல் போகிறது. சமையலில் குற்றமில்லை, மூலையில்தான் குற்றம்.

7

இவ்வளவும் எழுதிவிட்டு 'பெண்கள்' என்று ஒரே மூச்சில் சொல்வது சரியில்லை. எங்கள் சந்தையில் விடிகாலை மூன்று மணிக்குக் கத்தரிக்காய்ப் பெட்டியோடு வந்து இறங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். டீக்கடை முன்னால் நின்று, வடையை டீயில் முக்கித் தின்று, கணக்குப் பேசிக் காசை முந்தியில் முடிந்துகொண்டு போவார்கள். அவர்களை யாரும் ஃபேமிலி ரூமுக்குப் போகச் சொல்வதில்லை. தெருவில் நின்று தின்னக்கூடாது என்பது 'கௌரவமான குடும்பத்து' பெண்களுக்கான சட்டம். அம்மா அந்தக் கௌரவத்தை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். வீட்டுக்குள் பீடி சுற்றினாலும் வெளியே வேலைக்குப் போகாதவள், கடையில் நின்று தின்னாதவள் என்ற பேர். அந்தப் பேரில் சாதியும் இருந்தது. நாங்கள் யாருக்கு மேலே என்று காட்டிக்கொள்வதும் இருந்தது. சந்தைப் பெண்களைப் பார்த்து, "நடுத்தெருவுல நின்னு திங்காளுக" என்று அம்மா முகம் சுளித்ததை நான் கேட்டு வளர்ந்தேன். பூட்டப்பட்டவள்தான், ஆனால் சாவியைத் தன் பெருமையாக இடுப்பில் செருகியிருந்தவள். இதைச் சொல்லாமல் அம்மாவை வெறும் பாவப்பட்டவளாக எழுதினால் அது இன்னொரு தியாகக் கதையாகிவிடும்.

8

போன வருஷம் மார்கழியில் ஒருநாள் அம்மா, "ஏட்டி, அந்தக் கடை எப்பிடித்தான் இருக்கும்?" என்றாள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா அதில் ஏறி ஆலங்குளம் வரை தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போய்வருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். திருநெல்வேலி போகிற புறநகர் வண்டிக்குச் சீட்டு எடுக்க வேண்டும். இலவசம் முடிகிற இடத்தில் அவளுடைய உலகமும் முடிந்திருந்தது என்பதை அன்றைக்கு ஜன்னலோர சீட்டில் அவள் உட்கார்ந்த விதத்தில் பார்த்தேன். காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. "எங்கன போயி ஒதுங்க?" என்றாள். வெளியூர் கிளம்புகிற ஒவ்வொரு பெண்ணும் முதலில் போடுகிற கணக்கு இது. பயணக் கட்டுரைகளில் இது வராது.

ஐந்து மணிக்குக் கீழ ரத வீதியில் வரிசை நீண்டிருந்தது. பெரும்பாலும் ஆண்கள், நடுநடுவே குடும்பமாக வந்தவர்கள், கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். அம்மா கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரிசையில் நின்றாள். யாரோ, "ஆச்சிய முன்னால விடுங்கப்பா" என்றார்கள். அம்மா, "வேண்டாம்யா, நின்னே வாங்குதேன்" என்றாள். நாற்பது வருஷம் காத்திருந்தவளுக்கு அரைமணி நேரம் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ.

கால் கிலோ பொட்டலம் ஒன்று, சூடாகக் கையில் தின்னக் கொஞ்சம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு தெரு ஓரமாக நின்றாள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குறுந்தொகைச் செவிலியைப்போல. அவள் வாயில் போட்டு, அப்பாவைப்போலவே கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நெய் கூட. பதம் நம்ம பதந்தான்" என்றாள்.

பிறகு இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். 'ஆனா' வரவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் கடையின் பெயர் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. 'இருட்டு' என்பது அந்தக் கடைக்கு அழகு, வியாபார அடையாளம். எங்களுக்கு அது கெடு. 'இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரு' என்று கேட்காமல் வளர்ந்த பெண் யார்? சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து சில மணி நேரத்தில் மூடுகிற கடை, எந்தத் தப்பும் செய்யாமலேயே, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய அத்தனை பெண்களுக்கும் மூடிய கடைதான். கடையின் கதவு அதற்குக் காரணமில்லை. கடைசிப் பேருந்து, விளக்கில்லாத நிறுத்தம், பூட்டிக்கிடக்கிற கழிப்பறை, தெருமுனைப் பார்வை எல்லாம் சேர்ந்து பூட்டிய கதவு அது. புகழ்பெற்ற கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் விலையையும் வழியையும் நேரத்தையும் குறிப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் யாரால் வர முடியும் என்பதையும் ஒரு வரி எழுதினால், அது உணவு எழுத்துக்கு மரியாதை.

மாணவிகளுக்கு இந்த வருஷமும் அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் கூட்டியிருக்கிறேன்: நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அது கடையாக இருக்கலாம். பெயர்ப் பலகையில்லாத, பல்புகூட இல்லாத உங்கள் ஆச்சியின் அடுப்படியாகவும் இருக்கலாம். போனேன் என்று தொடங்க வேண்டும். யாரோடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு நாங்கள் சுரண்டையில் இறங்கியபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. குளிரில் கடைகள் பாதி அடைத்திருந்தன. தெருமுனையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்தார். "என்ன மதினி, இந்நேரத்துல ரெண்டு பேரும்? ஆசுபத்திரிக்கா? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

ராத்திரியில் பெண்கள் வெளியே வர நியாயமான காரணம் நோயும் சாவும்தான் என்று அவருக்குத் தெரியும். அம்மா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல கொழுந்தா. அல்வா திங்கப் போனோம்" என்றாள்.